கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

வீட்டுக்கு மூத்த மருமகளான பெரியவள் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்ததே இல்லை, யாரையும் அணைக்க விட்டதும் இல்லை; அணைந்தால் திரும்ப வராது என்பாள். கோழிக்குஞ்சு பொரிக்கும் அந்தக் கட்டடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் முட்டைகளுக்குச் சூடு வேண்டும். இந்தப் பக்கம், அந்தச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் குடித்தனம் நடத்துவது மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் பாடுதான்.

ஒருமுறை அது சூடேறித் தானாகவே அணைந்துபோனது. என்ன செய்தும் திரும்ப உயிர் வரவில்லை. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் பொரிக்கும் அறை ஆறிப்போய், முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அள்ளிக் குழியில் கொட்டியவள் பெரியவள்தான். நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்; அந்த அறையின் அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. அதன்பிறகு அவள் அதற்குள் கால் வைக்கவே இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. இவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். பொரிப்பு நாளில் குஞ்சுகளின் மெல்லிய இறகான தூவி பஞ்சுபோலப் பறந்து, கதவிடுக்கு வழியாக வந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொள்ளும். அதைத் தடுக்க மெல்லிய துணியில் அளவெடுத்து, நாடா வைத்து, அது காற்று இழுக்கும் துளைகளை மூடி ஓர் உறை தைத்தாள். மாற்றி மாட்ட இன்னொன்று. "எனக்கே இத்தனை மாத்துத்துணி இல்ல" என்று கணவர் கேலி செய்தும் அவள் அசரவில்லை.

அன்றும் பொரிப்பு நாள். அவள் கணவரும் கொழுந்தனும் முந்தைய பொரிப்பின் குஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள். வெளியே விடாத மழை. துவைத்த உறை காயவில்லை. மாட்டியிருந்ததோ கிழிந்துவிட்டது. சரி, ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும் என்று ஈரத்தோடு மாட்டிவிட்டு, பெரியவள் முட்டை அட்டைகளை அடுக்கப் போனாள்.

"அக்கா, இது ஏன் இப்படிக் கத்துது?"

கொழுந்தனின் மனைவி கூப்பிட்டாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னவள். ஃபேன் இரைகிற இரைச்சலைக் கேட்டு, பெரியவள் அட்டைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். திரையின் மூலையில் கம்ப்யூட்டரின் சொந்தச் சூட்டைக் காட்டும் எண் சிவப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

சின்னவள் உறையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்தில் தூவி ஒட்டி ஒட்டி, துணி கம்பளியாகத் தடித்திருந்தது.

"இதைக் கழட்டுங்கக்கா. அதுக்கு மூச்சு முட்டுது."

"பொரிப்பு நாள்ல கழட்டுறதா? அத்தனையும் உள்ள போயிடும். கை வைக்காத."

"காத்தே போகலையேக்கா."

"வைக்காதன்னு சொல்றேன்ல."

பெரியவள் கையை விரித்துக் குறுக்கே நின்றாள். சின்னவள் சொல்வது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பயம் காலைக் கட்டிப்போட்டது. அவள் அப்படி நிற்கும்போதே முதுகுக்குப் பின்னால் இரைச்சல் தேய்ந்து, நின்றது. திரை கறுத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சூடும் நின்றது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

"குளிருதுன்னு கத்துதுங்கக்கா."

"கத்தட்டும். கத்துற வரைக்கும் உயிரோட இருக்குதுங்க" என்றாள் பெரியவள்.

சின்னவள் மின்சார இணைப்பைப் பிடுங்கி, உறையை உரித்து, பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். உள்ளேயும் சாம்பல் நிறத்தில் தூவி அடைந்திருந்தது. "ஃபேன் ரெக்கை சுத்தாம விரலால பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தாள். பெரியவள் ரெக்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குனிந்து வாயால் ஊதப் போனாள்.

"எச்சில் தெறிக்கும்க்கா."

பெட்டியை மூடாமலே இணைப்பைக் கொடுத்து, பெரியவள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நான்தான் கொன்றேன், இந்தமுறை என் கையாலேயே துணி தைத்து மூச்சை அடைத்துக் கொன்றேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"சூடு ஆறலை. கொஞ்சம் விடுங்க" என்று சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து குஞ்சுகளின் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தமுறை அழுத்தியபோது ரெக்கை ஒரு துள்ளு துள்ளிச் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹீட்டர்கள் உறுமின. சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா? அணைஞ்சா வராதுன்னீங்க."

பெரியவள் சிரிக்கவில்லை. அவள் காது சுவரில் இருந்தது. கூச்சல் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தத்தையே காணோம்."

"சூடு வந்துடுச்சுல்ல, அதான்."

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

திரையில் எல்லா எண்களும் சரியாக இருந்தன. எண்களை அவள் பார்க்கவே இல்லை. எழுந்து போய், இத்தனை காலமாகத் தொடாத அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். உள்ளங்கை வியர்வையில் அது வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

சூடு முகத்தில் அடித்தது. தட்டுத் தட்டாகக் குஞ்சுகள். ஒன்றின் முதுகில் ஒன்று தலையைச் சாய்த்துக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. பெரியவள் குனிந்தாள். ஒரு விரலை நீட்டி, ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்திருந்த ஒன்றை மெல்லத் தொட்டாள். தூங்கிக்கொண்டிருந்த அது ஒரு கண்ணைத் திறந்து, விரலை எரிச்சலோடு கொத்திவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, கதவைச் சாத்துங்க, சூடு போகுது" என்று பின்னாலிருந்து சின்னவள் குரல் கொடுத்தாள்.

பெரியவள் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்திக்கொண்டாள்.