கூட்டு ரோட்டுக் கொசு

சனிக்கிழமை சவுனாவுக்குள் தைஸ்தோ தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நுழைந்தான். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வேர்த்து உட்காரும் மர அறைக்கு யாராவது துண்டோடு வருவார்களா?

"துண்டை எடு," என்றாள் மனைவி ஐலி.

"குளிருது."

"சவுனாவுலயா?"

அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவன் செதுக்கிய மரக்கரண்டியால் ஐலி தண்ணீரை மொண்டு கல்லின் மேல் வீசினாள். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. இன்னொரு கரண்டி. இன்னொன்று. கடைசியில் மனுஷன் மூச்சு முட்டி முன்னால் குனிய, துண்டு தானாக நழுவியது. விலாவெங்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம்.

ஐலிக்கு அந்தப் புள்ளிகளைத் தெரியும். போன வாரம்தான் அவளுடைய தொடையில் அவை வந்தன. கூடவே மணிக்கட்டும் கணுக்காலும் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிப்போயின. சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு பார்வையிலேயே, "பொகோஸ்தா நோய். கொசு குடுத்த பரிசு. சதுப்புல லக்காப் பழம் பறிக்கப் போனியாக்கும்?" என்றாள். மருந்து கிடையாது, மூட்டு விடும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் தைஸ்தோ லக்கா பறிக்கப் போகிறவன் அல்ல. விஷயமே அதுதான்.

அந்தப் பக்கத்து ஜனங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதைக்கூடச் சொல்லிவிடுவார்கள். லக்காப் பழம் மஞ்சள் மஞ்சளாகக் காய்க்கும் சதுப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஐலியின் சதுப்பு அவள் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, அவள் அண்ணனைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, அவள் காதில் மட்டும் போட்டது. அவள் அதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும், மூடிக்கிடக்கும் மர அறுவை ஆலைக்குப் பக்கத்துக் கூட்டு ரோடு வரை அவன் காரில் கொண்டுவந்து விடுவான். சீட்டைச் சாய்ப்பான், ரேடியோவைப் போடுவான். அவள் வாளிகளோடு வேண்டுமென்றே எதிர்த்திசையில் நடந்து, ஓடையைச் சுற்றி, அப்புறம்தான் சதுப்புப் பக்கம் திரும்புவாள். திரும்பி வரும்போது அதே சீட், அதே தூக்கம். "நல்லா தூங்கினியா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு.

இந்த வருஷம் வாளி நிறையவில்லை. ஜூன் மாதப் பனி பூவைக் கருக்கிவிட்டது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் சந்தையில் தைஸ்தோவின் அண்ணன் ஆர்மஸ் குவித்த வாளிகளோடு நின்றிருந்தான்.

"எங்க பறிச்சே?"

"மரத்துல," என்று சொல்லிச் சிரித்தான் ஆர்மஸ். லக்கா முழங்கால் உயரம்கூட வளராத செடி.

அந்தச் சிரிப்பு அப்போது உறைக்கவில்லை. இப்போது, புருஷனின் விலாவைப் பார்க்கும்போது உறைத்தது. சதுப்பை அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்தது இவன்தானோ?

"எங்க கடிச்சுது?"

"எது?"

"கொசு."

"காருலதான். கண்ணாடிய இறக்கியிருந்தேன்ல? காத்து வேணாமா மனுஷனுக்கு?"

பதில் சட்டென்று வந்தது. சூப்பில் உப்பு சரியா என்று கேட்டால் யோசித்து யோசித்துச் சொல்கிற ஆள். இது முன்கூட்டியே செய்து வைத்த பதில்.

திங்கட்கிழமை பின்யா வந்தாள். தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து கொசு ஆராய்ச்சிக்கு வந்த பெண். கோடைத் தொடக்கத்தில் வலைப்பைகளும் விசிறி வைத்த பொறிகளுமாக அவள் வந்து இறங்கியபோது ஊரே அவளை உளவாளி மாதிரிதான் பார்த்தது. 'கொசுவுக்குள்ள என்னென்ன வைரஸ் இருக்குன்னு பாக்கணும், உங்கள எங்க கடிக்குதுன்னு மட்டும் காட்டுங்க' என்று வீடு வீடாகக் கேட்டால்? உன் லக்கா எங்கே என்று கேட்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தர் உருளைக்கிழங்கு வயலைக் காட்டினார், ஒருத்தர் சர்ச் கொல்லையை, ஒரு புண்ணியவான் குப்பைக்கிடங்கை. தைஸ்தோ கூட்டு ரோட்டைக் காட்டினான். ஜூலை முழுக்க அந்தப் பெண் அங்கெல்லாம் பொறி மாட்டினாள்.

இப்போது முடிவு கையில் இருந்தது. காபிக் கோப்பையைச் சுற்றி விரல்களைக் கோத்துக்கொண்டு சொன்னாள்: "இவ்வளவு குளிர்ல கிடக்கிற கொசுவுக்குள்ள இத்தனை வகை இருக்கும்னு நாங்களே நினைக்கல, ஐலி. பேரே வைக்காததெல்லாம் இருக்கு. முக்காவாசி கொசுவோட சொந்தச் சரக்கு, நம்மள ஒண்ணும் செய்யாது. ஆனா பொகோஸ்தா மட்டும் ஒரு பையிலயும் இல்ல. ஊர்ல இத்தனை பேருக்கு மூட்டு வீங்கியிருக்கு. கடி வாங்கினது ஒரு இடம், எங்கிட்ட காட்டினது வேற இடம்."

"கூட்டு ரோட்டுல?" என்றாள் ஐலி.

"அங்கயும் இல்ல."

தைஸ்தோவின் கோப்பைக்குள் கரண்டி நின்றது.

"அதுக்காக அங்க இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது," என்றாள் பின்யா. "ஆயிரக்கணக்குல ஒண்ணு ரெண்டு கொசுதான் அதைச் சுமக்கும். என் பையில மாட்டாம போயிருக்கலாம்."

"அதான். அதேதான் நானும் சொல்றேன்," என்றான் தைஸ்தோ.

"நீ ஒண்ணுமே சொல்லலையே," என்றாள் ஐலி.

அவன் எழுந்தான். விறகு பிளக்கணும் என்று முனகிக்கொண்டே வெளியே போனான். அவனுக்கும்தான் மணிக்கட்டு வீங்கியிருந்தது, என்ன பிளப்பான்? ஐலி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோடரிச் சத்தம் வரவில்லை.

"குறிப்பா ஒரு இடத்துல பொறி வெச்சா, அந்தக் கொசு அங்கதான்னு தெரிஞ்சிடுமா?"

"தெரியலாம். எந்த இடம்?"

ஐலி ஜன்னல் வழியே விறகுக் கொட்டகையைப் பார்த்தாள். புருஷன் பொய் சொல்கிறானா என்று தெரிய வேண்டுமானால் சதுப்பைக் கொடுக்க வேண்டும். இந்தப் பெண் அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைப்பாள். அடுத்த வருஷம் அந்தப் புள்ளியில் பாதி ஊர் வாளியோடு நிற்கும்.

"பொறிய எங்கிட்ட குடு பொண்ணே. நானே மாட்டி நானே எடுத்துட்டு வரேன். எங்கேன்னு மட்டும் கேக்காதே."

"இடம் தெரியாத கொசுவ வெச்சு நான் என்ன பண்றது?"

"உனக்குக் கொசு. எனக்கு வேற ஒண்ணு தெரியணும்."

பின்யா அவளைப் பார்த்தாள். பிறகு அவளும் விறகுக் கொட்டகையைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு பொறியை எடுத்து மேஜைமேல் ஐலி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் தைஸ்தோதான் கூட்டு ரோடு வரை கொண்டுவந்து விட்டான். லக்கா முடிந்த பருவத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை. பையில் என்ன என்றும் கேட்கவில்லை. சீட்டைச் சாய்த்தான், ரேடியோவைப் போட்டான்.

அவள் இந்தத் தடவை ஓடையைச் சுற்றவில்லை. கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் முறைத்துக்கொள்ள, நேராகச் சதுப்புக்கே நடந்தாள். பொறியை மாட்டக் கிளை தேடி ஓரத்து ஊசியிலை மரங்களுக்குள் நுழைந்தபோதுதான் அந்தக் கட்டையைப் பார்த்தாள். காற்றில் விழுந்த பழைய மரம். மேலெல்லாம் பாசி, நடுவில் மட்டும், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, தேய்ந்து மொழுக்கென்றிருந்தது. கீழே மரச்சீவல்கள். அடியில் சாம்பல் நிறத்தில் பழையவை, மேலே வெள்ளையாகப் புதியவை.

அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கத்தியை எடுத்துக் குச்சி சீவுகிறவன் ஒருத்தன்தான்.

ஐலி கட்டையில் உட்கார்ந்தாள். மொத்தச் சதுப்பும் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இடுப்புவரை புதைந்து, புல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிய கறுப்புத் தண்ணீர்க் குழியும் தெரிந்தது. அன்றைக்கு ஓடையில் வழுக்கிவிட்டதாகத்தான் அவனிடம் சொன்னாள். அவன் ஒன்றும் கேட்காமல் காரில் சூட்டைக் கூட்டி வைத்தான்.

கட்டையைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் லக்காச் செடிகள். பழங்கள் பழுத்து, குழைந்து, காம்பிலேயே காய்ந்திருந்தன. ஒன்றைக்கூட யாரும் கிள்ளவில்லை.

கிள்ளவில்லை, சரி. ஆர்மஸின் வாளிகள்? அதுகூடக் கிடக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணில் படாமல் பின்னாலேயே வந்து, இங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவளுக்கு முன்னால் ஓடிப்போய்ச் சீட்டில் தூங்கியிருக்கிறான். இத்தனை நேர்த்தியாகப் பொய்த் தூக்கம் தூங்கத் தெரிந்தவனுக்கு வேறு என்னவெல்லாம் தெரியும்?

பொறி மடியில் இருந்தது. விசிறியை அவள் இன்னும் முடுக்கவில்லை. கொசுக்கள் முகத்தைச் சுற்றி மேகமாக மொய்த்தன. மூச்சை விட்டால் இன்னும் அடர்ந்தன. திடீரென்று மேகம் இளைத்தது. காற்று இல்லை. பாதிக் கொசுக்கள் அவளை விட்டுவிட்டு, தோளைத் தாண்டி, மரங்களின் இருட்டுக்குள் மிதந்து போயின. அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினாள். அங்கே அடிமரம் ஒன்றின் பின்னால், ஒரு ஆளின் தலை உயரத்தில், அவை ஒரு பந்தாகச் சுழன்றுகொண்டிருந்தன.

"சீட்டை நிமித்தி வெச்சுட்டு வந்தியா?" என்று சதுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

கொசுப்பந்து மெல்ல மெல்லத் தாழ்ந்தது, யாரோ சத்தமில்லாமல் குந்துவதைப் போல.