மீதி எம்புட்டு?

ஐஸ் பெட்டிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே அடுப்பு அணைந்துவிட்டது. மேல்வீட்டுப் பாண்டிமீனா உலையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"காவ்யா, சிலிண்டர் தீந்துபோச்சு. எங்க வீட்டுத எடுத்து மாட்டிக்கிறேன். நீ ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சொல்லிரு. கேஸ் புக்கு எங்க?"

புத்தகம் இல்லாமலே காவ்யஸ்ரீக்கு அதிலிருக்கும் நுகர்வோர் எண் தெரியும். 62615533. ஏஜென்சியின் போன் நம்பர்தான் தெரியாது. அப்பாவின் கட்டிலடியில் தேடினாள்.

அப்பா சீதாராமன் கப்பலூரில் லேத் ஓட்டியவர். கடைசி அளவை முதலில் பார்த்துவிட்டுத்தான் இரும்பில் கை வைப்பேன் என்று பெருமையடிப்பார். நுரையீரல் கெட்டுப் படுத்ததும் கையில் கிடைத்தது இந்த எண். இது எதிலும் வகுபடாத பகா எண் என்று சாதித்தார். கணக்கு டீச்சரான காவ்யஸ்ரீ, வர்க்கமூலமான 7913க்குள் பார்த்தால் போதும் என்று சொல்லி, ஜூன் 14 அன்று 999 பகா எண்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தாள்.

"போன்ல பாத்துச் சொன்னே, பேசவே மாட்டேன்," என்றார்.

அவளுக்குப் பொறுக்குமா? திரும்பும் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டாள். 998 எண்கள் கையை விரிக்கும். கடைசி எண்ணான 7907 மட்டும் மிச்சமில்லாமல் வகுக்கும். சொல்லவில்லை. அவர் தினம் நாலைந்து எண்ணாகப் பென்சிலில் வகுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும் இருவருக்கும் கணக்கு பள்ளிக்கூடத் தமிழில்தான் வரும். முன்பு நாள் கிழமைக்கு மட்டும் வந்து போனவள், எட்டு மாதமாகப் பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்தாள்.

"மீதி எம்புட்டுப்பா?"

"இருக்கு இருக்கு. அசைய மாட்டேங்குது."

முந்தாநாள் 7901. மீதி 108. "ஆம்புலன்ஸ் நம்பர்ல வந்து நிக்குது பாரு," என்று சிரித்தார். இருமல் அடங்க அரைமணி ஆனது.

நேற்று பென்சில் பிடிக்க முடியவில்லை. "கடைசி ஒண்ணு. நீயே போட்டுச் சொல்லு."

எட்டு மாத உழைப்பு. வகுபடுகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டதுபோல் பாவனை செய்துவிட்டு, "மீதி இருக்குப்பா. பகா எண்தான்," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். "அப்பச் சரி."

காலையில் போய்விட்டார். மதியம் எடுத்தாயிற்று. அப்பாவிடம் கடைசியாகச் சொன்னது பொய் என்பது காலையிலிருந்து அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

கேஸ் புத்தகம் தலையணை உறைக்குள் இருந்தது. ஏஜென்சி நம்பருக்காகப் பின்னட்டையைத் திருப்பினாள். உள்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு வகுத்தல். 62615533ஐ 7907ஆல். ஈவு 7919. மீதி பூஜ்யம். பக்கத்தில் தேதி: ஜூன் 14.

"கெடச்சுச்சா?" என்றாள் பாண்டிமீனா.

"கெடச்சிருச்சுக்கா."

போன் போட்டாள். மறுமுனையில் நம்பர் கேட்டார்கள்.

"ஆறு, ரெண்டு, ஆறு, ஒண்ணு..."

விரல் அந்தப் பென்சில் தேதியில் போய் நின்றது.

"ஹலோ," என்றது போன். "மீதியச் சொல்லுங்கம்மா."