கரடியின் கரண்டி

பிப்ரவரி 9. இன்று ஒரு சிறு தவறு. தங்கை முகம் கழுவப் போனபோது அவளுடைய பள்ளிப் பையைச் சோதித்தேன். ரொட்டித் துணுக்கு ஏதும் இல்லை. கேட்டுவிட்டுச் சோதித்திருக்கலாம்.

மாலை வகுப்பு ஆசிரியை தினமும் நாட்குறிப்பில் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருந்தார். பெரியவள் ஐந்தாவது வரியை எழுதி, அடித்து, பேனாவை மூடினாள்.

சமையலறையில் அம்மாவின் முகம் இன்னும் தெளியவில்லை. சின்னவளின் இரத்தப் பரிசோதனை முடிவு காலையில் வந்திருந்தது, அளவு ஏறியிருந்தது. சின்னவளுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. புரதத்தில் உள்ள ஒரு பொருளை அவள் உடம்பால் சமாளிக்க முடியாது. அது இரத்தத்தில் சேர்ந்தால் மூளையைப் பாதிக்கும். ஆகவே பால், முட்டை, இறைச்சி, பருப்பு எதுவும் கிடையாது. உருளைக்கிழங்குகூடத் தராசில் ஏறி இறங்கித்தான் தட்டுக்கு வரும். தேவையான புரதத்துக்கு, அந்தப் பொருளை நீக்கிய பவுடரை மூன்று வேளையும் கரைத்துக் குடிக்க வேண்டும். கலப்பது பெரியவளின் வேலை. டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியைத் தலைதட்டித்தான் போடுவாள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

"யாரோ இவளுக்கு ரொட்டி குடுக்கறாங்க. இல்ல, இவளே எடுக்கறா," என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். சனிக்கிழமை தோழியின் பிறந்தநாளுக்குப் போகக்கூடாது என்றும் சொல்லியாகிவிட்டது. சின்னவள் அழவில்லை.

"செல்லமா சுண்டெலின்னு பேர் வெச்சதும் நீங்க, திருடின்னு சொல்றதும் நீங்களா?" என்று கேட்டுவிட்டு, கரடி பொம்மையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

பெரியவள் குனிந்து பார்த்தாள். எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல், கரடி சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். கரடிக்கும் அதே கோளாறுதானாம். ஆனால் அதற்கு அளவு ஏறவே இல்லையாம். சொல்லிக்கொண்டே சின்னவள் காலி டம்ளரில் காற்றை அள்ளி அள்ளிப் போட்டாள். அள்ளிய கரண்டி, போன டப்பா தீர்ந்தபோது அவள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது.

"அது என்ன, இவ்வளவு பெரிசா இருக்கு?"

"கரடிக்கு நான் பெரிய கரண்டில குடுக்கறேன். நீதான் எனக்குக் குட்டிக் கரண்டில குடுக்கறே."

பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள். புது டப்பாவிலிருந்த கரண்டியை எடுத்து வந்து பழையதன் பக்கத்தில் வைத்தாள். புதியது பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படிக்காமல், பழைய கணக்கிலேயே போட்டு வந்திருக்கிறாள்.

ஆனால் குறைவாகக் கொடுத்தால் அளவு இறங்கத்தானே வேண்டும்? டயட்டீஷியனுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பவுடர் குறைஞ்சா உடம்பு தன் சதையையே கரைக்கும்மா. அதுலேருந்தும் அந்தப் பொருள் இரத்தத்துல சேரும்."

இப்போதே தெரிந்தது நல்லது, சரியான அளவு கொடுத்தால் இறங்கிவிடும் என்றார். உருளைக்கிழங்கைக் குறைக்க வேண்டாம்; ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் அனுப்பினால் போதும். இனி கரண்டியை நம்பாமல் பவுடரையும் தராசில் போடுங்கள் என்றார். பிறந்தநாளைப் பற்றிக் கேட்டதற்கு, அவளுடைய சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துத் தாராளமாக அனுப்பலாம் என்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வசவுக்குத் தயாராகப் பெரியவள் நின்றாள். அம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு, முழங்காலிட்டு மேசைக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"அம்மா தெரியாம சொல்லிட்டேன்டி. வெளிய வா."

கரடியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உள்ளிருந்து உத்தரவு வந்தது. அம்மா கேட்டாள்.

"பிறந்தநாளுக்குப் போகலாமா?"

"போ. ஆனா கேக்கு..."

"தொடமாட்டேன். எனக்குத் தெரியாதா?"

அன்று வகுப்புக்குப் பெரியவள் தாமதமாகத்தான் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அடித்த வரிக்குக் கீழே எழுதினாள்:

சோதிக்க வேண்டியது பையை அல்ல, டப்பாவை. நாளை காலை தராசுக்குப் புது பேட்டரி போட வேண்டும். பவுடரை எடைபோட்டுக் கலக்க வேண்டும்.