பக்கத்து இருக்கையில் யாருமில்லை

கார் ஓட்டச் சொல்லித்தரும் டீச்சருக்குப் பன்னிரண்டு வருஷத்தில் பயமே மரத்துப்போயிருந்தது. சுவரைப் பார்த்து ஆக்சிலேட்டரை மிதிக்கிற புண்ணியவான்களோடு தினமும் குப்பை கொட்டுகிறவள் அவள். ஆனால் அன்று காலை, படிக்க வந்த பெண் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கிய நேரத்தில், எவனோ ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பக்கத்து இருக்கையிலிருந்த அவள் விலாவில் கத்தியை வைத்தானே, அப்போது ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

“வாயத் திறந்தா குத்திடுவேன்,” என்று காரைக் கிளப்பினான்.

“வண்டிய எடுத்துக்கப்பா. என்னை இறக்கி விட்டுடு.”

“ஊருக்கு வெளிய இறக்கி விடறேன்.”

பயிற்சிக் கார் என்று கூரையில் இருந்த பலகையை அந்தப் பாவி பார்க்கவில்லை. பழகுகிறவர் தப்புப் பண்ணினால் நிறுத்த, அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கத்தி பிடித்த கையாலேயே அவன் கியர் மாற்றப் போனான். அந்த நொடியில் உயிரைக் கொடுத்து மிதித்தாள். பெல்ட் போடாதவன் ஸ்டீயரிங்கில் மோதினான், கத்தி கீழே விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு தள்ளாடி ஓடினான்.

அதோடு விட்டிருக்கலாம். காரும் தப்பியது, தலையும் தப்பியது, வேறென்ன வேண்டும்? பயம் யோசிக்க விட்டால்தானே! திரும்பி வந்துவிடுவான், வந்துவிடுவான் என்றே மனசு அடித்துக்கொண்டது. ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். காரைத் திருப்பிக்கொண்டு போக இடமிருந்தும் அவன் பின்னாலேயே விட்டாள். பூட்டிய கேட் ஒன்று வழிமறிக்க, அவன் திரும்பி நின்றான். யார் கால் தப்பு செய்தாலும் பக்கத்திலிருந்து அவள் கால் தடுக்கும். இன்று பக்கத்தில் யாருமில்லை. அவளே பிரேக்கை மிதிப்பதற்குள் அவன் கால் கேட்டோடு நசுங்கிவிட்டது.

“மறுபடியும் குத்த வந்தான்னு சொல்லிடு, இல்லன்னா உள்ள வச்சிடுவாங்க,” என்று ஸ்டேஷன் வாசலில் கணவர் காதோடு சொல்லி அனுப்பினார்.

உள்ளே பெண் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். “பிரேக் போட்டது தற்காப்பு, சரி. அவன் இறங்கி ஓடிட்டான். கார் உங்க கையில. அப்புறம் அவன் உங்கள என்ன செஞ்சான்?”

கணவர் சொன்ன பொய் நுனிநாக்குவரை வந்தது.

“ரெண்டு கையையும் மேல தூக்கினான் மேடம்,” என்றாள். “வேணாம்க்கான்னு சொன்னான்.”