ஜல்லியில் ஒரு கூட்டல் குறி

1964 மே 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. காற்று அசையவில்லை, செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரியின் உச்சியில் ஒரு துண்டு மேகமும் இல்லை. தர்மநாத நயினார் குழியில் இருந்த எறும்புகளைத் துடைப்பத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தோட்டத்துச் சாமான் கொட்டகைக்குக் கான்கிரீட் தளம் போட இறங்கினார். கொத்தனாரை அழைக்கவில்லை, எந்தக் கொத்தனாரும் மூலைமட்டத்தை இரண்டாம் முறை வைத்துப் பார்ப்பதில்லை என்பது அவர் குறை. சிமெண்டு, பர்மிட்டுக்கு ஐந்து மாதம் காத்திருந்து பெற்றது. ஜல்லிக்கு அலையவில்லை, செஞ்சியில் எங்கே தோண்டினாலும் கருங்கல் தலைகாட்டும். குழியில் கிடைத்த மண் அப்பிய கற்களைப் போன வாரமே சம்மட்டியால் உடைத்துக் குவித்திருந்தார்.

வேலிக்கு வடக்கேயிருந்து விநாயகம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நயினாரே, மலமேல இருக்கிற கோட்ட பத்தலியா? என் வண்டி திரும்பற எடத்துல வேற கட்டணுமா?"

"வேலிக்கு இந்தப் பக்கந்தான கட்டறேன்."

"வேலி செடிதான? வருசா வருசம் நவுரும். எல்லைக் கல்லு ஒண்ணு இருந்துது, காணோம். கர்ணத்தாண்ட மனு குடுத்துட்டேன். புதங்கிழம வராரு."

குழைத்த கலவை புதன்கிழமை வரை பொறுக்காது. பொழுது சாயுமுன் ஊற்றி, மட்டம் பார்த்து, சமணர் வழக்கப்படி இருட்டுவதற்குள் அவசரமாக உண்டு முடித்தார்.

செவ்வாய் காலை பக்கப் பலகைகளைக் கழற்றினார். மூலைவிட்டங்கள் இரண்டும் நூலிழையும் பிசகவில்லை. வடக்கு முகத்தில் பதிந்திருந்த ஒரு ஜல்லியில் மட்டும் உளியால் வெட்டிய கூட்டல் குறி இருந்தது. எல்லைக் கல்லின் தலைக்குறி. அதைப் பெயர்த்த இடம் நினைவுக்கு வந்தது: வேலியிலிருந்து இரண்டு முழம். தளமோ வேலிக்கு ஒரு முழத்திலேயே, எல்லையை ஒரு முழம் தாண்டி நின்றது.

ஈரச் சாக்கை அதன்மேல் இழுத்துவிட்டார். தண்ணீர் தெளித்தார். உள்ளே போனார், வந்து சாக்கைத் தூக்கினார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார்.

"அட வெச்ச கோழியாங்க அது?" என்றாள் மனைவி மருதேவி. "சும்மா சும்மா தூக்கிப் பாத்தா குஞ்சு பொரிக்குமா?"

காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒரு கை சிமெண்டு பூசிட்டா தெரியாது."

"தெரியாது."

அதுதான் அவரை உட்காரவிடவில்லை. மீதியிருந்த சிமெண்டைச் சட்டியில் குழைத்தார். கரண்டியோடு கிணற்றுக்கும் தளத்துக்கும் நடந்தார். சட்டியிலேயே அது கல்லாயிற்று.

புதனன்று ஊர் நிலக்கணக்குப் பார்க்கும் கர்ணம் வந்தார்; அளவுச் சங்கிலி பிடித்தார்; வேலியோரம் காலால் கிளறினார்.

"கல்லு இல்லியே, விநாயகம். அப்ப வேலிதான் எல்ல. எழுதிட்டேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"இருந்துது சாமி. சத்தியமா இருந்துது," என்றார் விநாயகம். நம்ப ஆளில்லாத குரல்.

நயினார் தாளை வாங்கி இருமுறை படித்தார். பிழையில்லை.

"வேற தாளு ஒண்ணு குடுங்க."

நின்றவாறே எழுதினார்: 'எல்லைக் கல்லை அறியாமல் உடைத்தவன் நான். அது இருந்த இடம் வேலிக்குத் தெற்கே இரண்டு முழம். என் தளத்தில் வடக்கே ஒரு முழத்தை நானே வெட்டி எடுப்பேன்.' கையெழுத்திட்டார், தேதியிட்டார், மை உலரும்வரை ஊதினார். பிறகு சாக்கை விலக்கிவிட்டு, தாளைக் கர்ணத்திடம் அல்ல, விநாயகத்தின் கையில் கொடுத்தார்.