நனையாத வண்டி

பொன்னுதுரைக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. முப்பத்தைந்து வருஷம் தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த கோதுமையோ காகிதச் சுருளோ இரும்புத் தகடோ நனைந்திருந்தால், அது மழையில் நனைந்ததா, கடல் தண்ணீர் புகுந்து நனைந்ததா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மழை என்றால் நஷ்டம் ஒருவன் தலையில் விடியும், கடல் என்றால் இன்னொருவன் தலையில். அதனால் கப்பல்காரன், ஏற்றியவன், இறக்கியவன் எல்லோரும் அவரிடம் பொய் சொன்னார்கள். பொய் சொல்லாத ஒன்றிரண்டு பேரையும் அவர் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழுப்புக் குப்பி இருக்கும். சில்வர் நைட்ரேட். ஒரு சொட்டு விட்டால் உப்பு இருக்கிற இடம் பாலாக வெளுக்கும், நல்ல தண்ணீர் என்றால் அப்படியே தெளிவாக நிற்கும். விரலில் பட்டால் கறுப்பாகக் கறை பிடிக்கும். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அவர் பெருவிரலில் அந்தக் கறை போகவில்லை. ஏனென்றால் குப்பியை அவர் விடவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிற ஆள் இதுவரை மூன்று தடவை மாறியாகிவிட்டது.

இப்படிப்பட்ட மனிதர் அறுபத்திரண்டாவது வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்பட்டார் என்றால், விற்கிறவர்கள் பாடு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சும்மா கடைக்குப் போய்வர இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் தாண்டி, நாகப்பட்டினம் தாண்டி, தரங்கம்பாடி வரை போகிற வண்டி. முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வந்திறங்கிய கரையை ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று மனைவி ஈவாஞ்சலினுக்குச் நெடுநாள் ஆசை. உண்மையில் அது அவளுடைய அம்மா அற்புதமணியின் ஆசை. அம்மா போனபிறகு மகளுக்கு வந்து சேர்ந்தது. ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் பொன்னுதுரைக்கு அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் அவர் வண்டியில் ஏறி இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்கத் தனக்கென்று ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

கேட்டதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நடு ரோட்டுல நிக்காத வண்டியாப் பாருங்க. ஏறுதேன்."

முதலில் ஷோரூமுக்குப் போனார். ஸ்டெபின் என்ற விற்பனைப் பையன் வாயெல்லாம் பல்லாக நின்றான். "இந்த வண்டி நிக்கவே நிக்காது அங்கிள்" என்றான்.

"பிரேக் பிடிச்சாலுமாடே?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். புது வண்டி கல்யாணத்தன்று பார்த்த மாப்பிள்ளை மாதிரி, குணம் தெரிய வருஷம் ஆகும் என்பது அவர் கட்சி. ஓடித் தேய்ந்த வண்டிதான் தன் யோக்கியதையைக் காட்டியிருக்கும்.

ஆனால் பழைய வண்டிக்கு வந்தால் வெள்ளம் குறுக்கே நின்றது. இருபத்துமூன்றாம் வருஷம் டிசம்பரில் தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு வந்ததே, அந்த வெள்ளம். ஊர் ஊராக வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, வண்டிகளெல்லாம் முங்கிக் கிடந்தன. இப்போது போய்க் கேட்டால் மாவட்டத்தில் ஒரு வண்டிகூட நனையவில்லை. "எங்க தெருவுக்குத் தண்ணியே வரல அண்ணாச்சி" என்று எட்டுப் பேர் எட்டு ஊரில் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆழ்வார்திருநகரியில் பார்த்த வண்டிக்கு முன்விளக்குக் கண்ணாடியின் உள்பக்கம் சேற்றுக் கோடு இருந்தது. பெரியதாழையில் பார்த்ததில் ஒரு சொட்டு விட்டார். தேங்காய்ப்பால் ஊற்றியது போல வெளுத்தது. விற்க வந்தவன் "கடல்காத்து அண்ணாச்சி" என்றான். காற்றுக்கு இவ்வளவு உப்பு ஏது என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தார்.

ஒன்பதாவதாக வந்தவர்தான் நல்லக்கண்ணு. ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற விவசாயி, வயது அறுபதைத் தாண்டியவர். போனில் முதல் பேச்சே இதுதான்:

"அண்ணாச்சி, வண்டி வெள்ளத்துல முங்குனது. ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சி. அதுக்குச் சம்மதம்னா மேற்கொண்டு பேசுவோம்."

அன்று மத்தியானம் பொன்னுதுரைக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்ன எட்டுப் பேரால் வராத கலக்கம், உண்மை சொன்ன ஒருவரால் வந்தது. சின்ன ஓட்டையைத் தானாகக் காட்டுகிற கேப்டன் பெரிய ஓட்டையை எங்கேயோ மறைக்கிறான் என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். அப்படியென்றால் இந்த ஆள் மறைப்பது என்ன?

"நானும் வாரேன்" என்றாள் ஈவாஞ்சலின்.

எட்டு வண்டிக்கு வராதவள் இதற்கு மட்டும் ஏன் வருகிறாள்? அதையும் சந்தேகப்பட்டார். வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

பஸ் ஏரல் பாலத்தில் ஏறியது. அவள் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பேருக்கும் தெரியும், அன்றைக்கு வண்டி இங்கேதான் நின்றது.

தொண்ணூற்றாறாம் வருஷம், பிப்ரவரி. நாசரேத்தில் ஈவாஞ்சலினின் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, உடனே வரவும் என்று பக்கத்து வீட்டுப் போனுக்குச் செய்தி வந்தது. இருவரும் அவருடைய வண்டியில் புறப்பட்டார்கள். பாலத்துப் பக்கம் வந்து வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. அரை மணி நேரம் உதைத்துப் பார்த்தார். கடைசியில் வாழைத்தார் ஏற்றிப் போன லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. அம்மா கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

கார்பரேட்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார் பொன்னுதுரை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னார், பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னார். ஆனால் கார்பரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை. டாங்கில் பெட்ரோல் இல்லை. வழியில் மூன்று பங்க் இருந்தன. மூன்றிலும் மண்ணெண்ணெய் கலக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். குரும்பூரில் தான் நம்புகிற ஒரே பங்க் வரை ரிசர்வில் ஓட்டிவிடலாமென்று கணக்குப் போட்டார். கணக்கு ஏழு கிலோமீட்டர் பிசகியது. இந்த உண்மையை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, பாதிரியாரிடமும் சொல்லவில்லை, கர்த்தரிடம் ஜெபிக்கும்போதுகூட அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

நல்லக்கண்ணு வாசலுக்கு வந்து வரவேற்றார். வலது கால் கொஞ்சம் இழுத்தது. முழங்கால் மூட்டு மாற்றி ஆபரேஷன் செய்து மூன்று மாதமாகிறதாம், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வைக்கோல் படப்புக்குப் பக்கத்துக் கொட்டகையில் வண்டி நின்றது. மணல் நிறம், உயரமான கைப்பிடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கம்பி. பொன்னுதுரைக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பிடித்ததும் அவருக்கு மனது கெட்டுவிட்டது.

நல்லக்கண்ணு போனில் போட்டோ காட்டினார். செம்மண் தண்ணீருக்கு மேலே கைப்பிடி மட்டும் தெரிந்தது, அதில் ஒரு வாழைத்தார் சிக்கியிருந்தது.

"ஆட்டுக்குட்டியளத் தூக்கிட்டு மாடிக்கு ஓடுனேன். வண்டியத் தூக்க முடியுமா? தண்ணி வடிஞ்சப்பொறவு மெக்கானிக்க வச்சி ஒரு நட்டு விடாமக் கழத்துனோம். மூணு மாசம். அதுக்கப்புறம் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டேன்."

"நடுவுல எங்கயும் நிக்கலையோ?"

"ஒருக்கா நின்னுச்சி. கோவில்பட்டி தாண்டிப் போகையில செயின் அறுந்துச்சி. நாந்தான் கிரீஸ் போடாம விட்டுட்டேன். வண்டி மேல குத்தம் இல்ல, என் தப்பு."

ஈவாஞ்சலின் நிமிர்ந்து நல்லக்கண்ணுவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்காதது போலக் குனிந்து சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆள் ஏன் இவ்வளவு யோக்கியமாகப் பேசுகிறான்? அவருக்குப் பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பென்று தாண்டவும் முடியவில்லை. பங்குனி வெயில் தகரத்தைப் பிளந்தது. நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் வேர்த்து வழிந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அதே கைக்குட்டையால் என்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட்டின் தூசியைத் துடைத்துவிட்டு, குப்பியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார்.

சொட்டு வெளுத்தது.

இன்னொரு போல்ட்டைத் துடைத்து, இன்னொரு சொட்டு. அதுவும் வெளுத்தது. பொன்னுதுரைக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தன் சந்தேகம் பலித்த சந்தோஷம். அதைவிடக் கேவலமான சந்தோஷம் மனிதனுக்கு வேறு இல்லை.

"அண்ணாச்சி, ஆத்துத் தண்ணி இப்படி வெளுக்காது. இது கடல் தண்ணி. வண்டி எங்கன கெடந்தது? உள்ளதச் சொல்லும்."

நல்லக்கண்ணுவின் முகம் செத்துப்போனது. "நான் எதுக்கு அண்ணாச்சி பொய் சொல்லணும்? முங்குச்சின்னு சொல்லித்தான உங்கள வரச் சொன்னேன்?"

"அதான் கேக்கேன். அதச் சொல்லி எத மறைக்கீரு?"

"அந்தக் கைக்குட்டையக் குடுங்க" என்றாள் ஈவாஞ்சலின்.

வகுப்பில் கரும்பலகைக்குக் கூப்பிடுகிற குரல். கொடுத்தார். அவள் குப்பியையும் வாங்கி, கைக்குட்டையின் ஈரத்தில் ஒரு சொட்டு விட்டாள். அது போல்ட்டில் வெளுத்ததைவிட நன்றாக வெளுத்தது. பிறகு நல்லக்கண்ணுவிடம், "அண்ணாச்சி, கால் கட்டு மாத்த வாங்குன பஞ்சு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். அவர் பிரிக்காத பஞ்சுப் பொட்டலம் ஒன்று எடுத்துவந்தார். புருஷன் கை படாத போல்ட் ஒன்றை அவள் புதுப் பஞ்சால் துடைத்துச் சொட்டு விட்டாள். சொட்டு தெளிவாக நின்றது. இன்னும் மூன்று இடத்தில் விட்டாள். எல்லாம் தெளிவு.

"உங்க வேர்வை" என்றாள்.

சோதிக்கிற இடத்தில் வெறும் கை படக்கூடாது, புதுப் பஞ்சில்லாமல் துடைக்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எத்தனை பேரை இதற்காக ஏசியிருக்கிறார்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். பொன்னுதுரைக்கு நல்லக்கண்ணுவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல மனிதரை அவர் வீட்டு வாசலிலேயே கள்ளனாக்கிவிட்டோமே என்று கண் கலங்கியது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. என் தப்பு."

சொல்லிவிட்டார். சொல்ல முடிகிறது என்பது அவருக்கே புதுசாக இருந்தது. அந்த வேகத்திலேயே, நின்றால் பிறகு வராது என்று பயந்தவராக, மனைவி பக்கம் திரும்பினார்.

"ஈவா... அன்னைக்குக் கார்பரேட்டர் இல்லளா. பெட்ரோல் இல்ல. நாந்தான் போடாம வந்தேன்."

விஷயம் புரியாவிட்டாலும் நல்லக்கண்ணு மெல்ல நகர்ந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

"தெரியும்" என்றாள் ஈவாஞ்சலின். "அந்த லாரிக்காரரு டாங்கை ஆட்டிப் பாத்தாரு. நான் பக்கத்துலதான நின்னேன். ஒரு சத்தமும் வரல."

"இத்தன வருஷமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"பெட்ரோல் போடாததுக்கு அன்னைக்கே மன்னிச்சிட்டேன். மனுசன் மறந்துபோவான், கணக்குத் தப்பும். கார்பரேட்டர்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் ஏறல. அம்மா செத்துக் கெடக்கையில என்கிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டு, அதையே வருஷக்கணக்காச் சொன்னீங்க. நிக்காத வண்டி வேணும்னு எட்டு ஊரு சுத்துனீங்க. எனக்கு வண்டி மேல என்னைக்குச் சந்தேகம் வந்துச்சி?"

வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் எதுவோ மீசையில் வந்து உப்புக் கரித்தது.

நல்லக்கண்ணு திரும்பி வந்து சாவியை நீட்டினார். கோபம் முழுதாய் அடங்கவில்லை, ஆனாலும் மரியாதை குறையவில்லை. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க. தலைக்கவசம் ரெண்டு இருக்கு. பெட்ரோல் ரிசர்வுல கெடக்கு, பாத்துக்கிடுங்க."

பொன்னுதுரை ஏறி உட்கார்ந்தார். பட்டனைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின் சீட் ஒரு பக்கமாக அழுந்தியது. தோளில் ஒரு கை வந்து விழுந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு பெட்ரோல் பங்க். எவன் பங்க்கோ, என்ன கலக்கிறானோ, முன்னே பின்னே பார்த்ததே இல்லை. பொன்னுதுரை வண்டியை அதற்குள் திருப்பினார்.

"ஜீரோ பாத்துக்கிடுங்க சார்" என்றார் பெட்ரோல் போடுகிறவர்.

எந்தப் பங்கிலும் மூக்கு மீட்டரில் இடிக்கிற அளவு குனிந்து பார்க்கிற ஆள், இன்றைக்குத் திரும்பவே இல்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்துட்டேன். டாங்க் நெறைய ரொப்புங்க" என்றாள் ஈவாஞ்சலின். மூடியைப் பூட்டியதும் அவர் வண்டியை வந்த வழியே திருப்பப் போனார். தோளில் இருந்த கை அழுத்தியது.

"நேராப் போங்க. நாசரேத்துக்கு. அம்மா கல்லறையப் பாத்துட்டு வருவோம்."

அவர் தலையாட்டினார்.

"அதுக்கு முன்ன அந்த அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்றாள் அவள். "வண்டியத் தூக்கிட்டு ஓடிட்டோம்னு சந்தேகப்படப் போறாரு."