மைனா காட்டிய அட்டை

விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாக அந்தச் சீருடைச் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, கழுத்துப் பட்டைக்குள் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார் தையல்காரர். ஒரு பிசிறு இல்லை. தையல் விளிம்பையெல்லாம் மெத்தென்ற பருத்தி நாடாவால் மூடியிருந்தார். ஊருக்கே சட்டை தைப்பவருக்கு இந்த ஒரு சட்டைக்கு நான்கு நாள் பிடித்தது. மற்றவர்களுக்குத் தெரியாத முள்ளெல்லாம் அவர் மகளுக்குக் குத்தும். ஆட்டிசம் என்று டாக்டர் பெயர் சொல்வதற்கு முன்பே அவர் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது.

“அப்பா, எட்டரை ஆகப்போகுது” என்றாள் மைனா.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே கண்ணு.”

“செருப்புக்கு ரெண்டு நிமிஷம்.”

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் அவள் அம்மா கேலியாக வைத்த பெயர் மைனா. இன்று காலையிலேயே ஆறு செலவாகிவிட்டது. தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மைனாவின் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே ஆயிரம் பிள்ளைகள். ஒரு காலைப் பொழுது இருந்து பார்க்கட்டும், தாங்கினால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் வீடுதான். இன்றுதான் அந்தக் காலை. மைனாவை இதற்குத் தயார்ப்படுத்த வந்த பயிற்சி டீச்சர் எட்டு மாதமாக விடவில்லை. பெரிய பள்ளியின் மணியைப் போனில் பதிவு செய்து வந்து, முதலில் கொசு ரீங்காரம் போல, பிறகு மெல்ல மெல்ல ஏற்றி, தினமும் கேட்க வைத்தார். காதுக்கு ஒலியடைப்பான், மடியில் வைக்க மணல் நிரப்பிய கனத்த பை, பேச வராதபோது எடுத்துக் காட்ட இடுப்பு வளையத்தில் மூன்று நிற அட்டைகள். ஆனால் எந்த அட்டையையும் மைனா தானாக எடுத்துக் காட்டியதில்லை. டீச்சர் கேட்டால்தான் காட்டுவாள்.

பெரிய பள்ளியில் முதல் இரண்டு பாடவேளைகளில் அப்பா பயந்த எதுவும் நடக்கவில்லை. மணி அடித்தது, மைனா ஒலியடைப்பானைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடி இருபது எண்ணினாள், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே நின்ற தையல்காரர் பயிற்சி டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கியே விட்டார்.

இடைவேளையில்தான் தலைமை ஆசிரியை வந்தார். நல்ல மனசு, ஆனால் மைக் இல்லாமலே மைதானத்தை அடக்கும் குரல். “அடடே! வாம்மா வா! ஸ்கூல் புடிச்சிருக்கா? கிளாஸ் எப்படி? ஃபிரெண்ட்ஸ் கெடைச்சாங்களா?” என்று மைனாவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

மைனாவின் விரல்கள் துடிக்கத் தொடங்கின. அடுத்து என்ன வருமென்று தையல்காரருக்குத் தெரியும். கூச்சல், ஓட்டம், பிறகு வீடு. ஓரடி எடுத்து வைத்தார். பயிற்சி டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொறுங்க சார்.”

“அவளால முடியாதும்மா!”

“பாருங்களேன்.”

மைனாவின் கை இடுப்புக்குப் போனது. சிவப்பைத் தொட்டது. ‘வெளியே போகணும்’ என்ற அட்டை அது. அதை விட்டுவிட்டு மஞ்சளைப் பிரித்தது. தலைமை ஆசிரியையின் மூக்குக்கு முன்னால் அதை நீட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “சத்தம் அதிகமா இருக்கு. மெதுவாப் பேசுங்க.”

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பள்ளியில் அவரிடம் இதைச் சொன்னவர் எவருமில்லை.

“இது போதுமா?” என்றார் தலைமை ஆசிரியை, குரலைத் தாழ்த்தி.

“இன்னும் கொஞ்சம்.”

“இது?” இப்போது வெறும் காற்றுதான் வந்தது. கதவோரம் நின்ற கிளார்க் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

மைனா தலையாட்டினாள். பிறகு யாரும் எதிர்பாராமல் தானாகவே ஒன்று கேட்டாள்.

“மாடியில என்ன இருக்கு?”

“நீயே போய்ப் பாரு” என்று ரகசியம் போலச் சொன்னார் அவர்.

தையல்காரர் பின்னால் போகக் காலெடுத்தார். பிறகு தானாகவே படியடியில் நின்றுவிட்டார். கீழிருந்து பார்க்கையில் கைப்பிடிக் கம்பியில் நகரும் ஒரு சிறிய கை மட்டும் தெரிந்தது. முதல் மாடி வளைவில் அது கொஞ்சம் நின்றது. இறங்கி ஓடிவந்த பிள்ளைகளுக்கு வழிவிட்டது. பிறகு மறுபடி மேலே போகத் தொடங்கியது.